மாற்றுக் கிட்னி ஓய்ந்தால் அடுத்து எந்த டயாலிசிஸ்?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 41. அம்மா கொடுத்த கிட்னி 9 வருஷம் நன்றாக ஓடியிருக்கிறது. போன வருஷத்திலிருந்து கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) ரத்தத்தில் மெல்ல ஏறி இப்போது 4.8-ல் நிற்கிறது. சிறுநீர் மட்டும் இன்னும் நாளுக்கு முக்கால் லிட்டர் போகிறதாம். "சில மாதத்தில் மறுபடி டயாலிசிஸ் தேவைப்படும், தயாராக இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழையபடி வாரம் மூன்று நாள் மெஷினில் போய்ப் படுப்பதா, வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்வதா? வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்" என்று கேட்டிருந்தார்.

இதே கேள்வியோடு முன்பும் நான்கைந்து பேர் வந்திருக்கிறார்கள். எனக்கு இது வீட்டுக்குள் நடந்த விஷயம். என் அக்காவுக்கு அப்பா கொடுத்த கிட்னி 11 வருஷம் உழைத்தது. 2019-ல் அது ஓய்ந்தபோது நாங்கள் எதையுமே யோசித்து வைத்திருக்கவில்லை. மூச்சுத் திணறலோடு நள்ளிரவில் ஒரு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கழுத்தில் குழாய் போட்டார்கள். என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று நாங்கள் விசாரிக்க ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான். அக்கா முதலில் மெஷின், பிறகு மூன்று வருஷம் வயிற்று வழி, இப்போது மறுபடி மெஷின் என்று இரண்டையும் பார்த்துவிட்டாள். அவளோடு உட்கார்ந்து கற்றதை வைத்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தின் அளவும் தொடங்கும் தேதியும் உங்கள் நெஃப்ராலஜிஸ்ட் (கிட்னி டாக்டர்) கையில்தான். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

## முதல் தடவை மாதிரி இல்லை இது

மாற்று அறுவைக்கு முன்னால் மெஷினில் இருந்தவர்கள் மறுபடி அதே மெஷினுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல இடங்களில் வேறு வழி இருப்பதாக யாரும் சொல்வதும் இல்லை. ஆனால் இடையில் உடம்பு நிறைய மாறியிருக்கிறது. வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட் என்று சாப்பிட்டதில் எதிர்ப்புச் சக்தி அடங்கிக் கிடக்கிறது. சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை வந்திருக்கும். தோல் மெலிந்திருக்கும், புண் ஆற நாளாகும். டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைத்துப் போட்ட பழைய ஃபிஸ்டுலா அடைத்துப் போயிருக்கும், அல்லது இதயத்துக்குப் பாரம் என்று மூடியிருப்பார்கள்.

கிட்னி "ஃபெயில்" என்று சொன்னாலும் பலருக்கு அது முழுதாக நின்றுவிடுவதில்லை. கழிவைப் பிரிக்க முடியாமல் திணறினாலும் தினமும் அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இது எந்த வழியைத் தேர்வு செய்கிறோம் என்பதையே மாற்றக்கூடியது.

எப்போது தொடங்குவது என்ற பயம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்து நடந்த ஐடியல் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் எண்) 10-க்கு மேல் இருக்கும்போதே டயாலிசிஸ் தொடங்கியவர்களும், 7 அளவுக்கு இறங்கும்வரை அல்லது தொந்தரவுகள் தெரியும்வரை காத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாழ்ந்தார்கள். அது முதல்முறை டயாலிசிஸுக்கு வருபவர்களைப் பற்றிய ஆய்வு. ஆனாலும் ஒரு எண்ணைப் பார்த்துப் பதறி ஓட வேண்டாம் என்ற அளவுக்கு அது இங்கேயும் பொருந்தும். வாந்தி, மூச்சு வாங்குதல், மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், இறங்காத வீக்கம் ஆகியவைதான் நாளைக் குறிக்கும். தொடங்க அவசரம் வேண்டாம். தயாராவதில் மட்டும் அவசரம் வேண்டும்.

## எதையெல்லாம் வைத்து எடை போடுவது

ரத்தக் குழாய். பழைய ஃபிஸ்டுலாவில் கை வைத்தால் இன்னும் அந்த அதிர்வு தெரிகிறதா? தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால் புதிதாகப் போட்டு அது ஊசி தாங்கும் அளவுக்குத் தடிக்க குறைந்தது 6 முதல் 8 வாரம், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். முன்பு கழுத்திலோ தோள்பட்டைக்குக் கீழேயோ குழாய் போட்டிருந்தால் உள்ளே பெரிய ரத்தக் குழாய் சுருங்கியிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் அந்தப் பக்கக் கையில் ஃபிஸ்டுலா நிலைப்பது கடினம். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இதற்கான அறிகுறி தெரியலாம்.

மிச்சமிருக்கும் சிறுநீர். 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து அளந்து பாருங்கள்.

வயிறு. மாற்றுக் கிட்னியை வைப்பதற்காக வயிற்றைத் திறந்துவிட்டார்கள், இனி வயிற்று வழி டயாலிசிஸ் முடியாது என்று பலர் நம்புகிறார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாகக் கிட்னியை வைப்பது அடிவயிற்றின் ஓரத்தில், குடலைச் சுற்றியுள்ள பெரிட்டோனியம் என்ற சவ்வுப் பைக்கு வெளியே. அந்தச் சவ்வைத்தான் வயிற்று வழி டயாலிசிஸ் வடிகட்டியாகப் பயன்படுத்துகிறது. அதனால் மாற்று அறுவை மட்டும் தடையாகாது. குடலில் பெரிய அறுவை, உள்ளே ஒட்டுதல்கள், சரி செய்யாத குடலிறக்கம் ஆகியவைதான் தடை. அக்காவுக்கே முதலில் "ஆபரேஷன் ஆன வயிறு, முடியாது" என்றுதான் சொன்னார்கள். இன்னொரு டாக்டரைப் பார்த்த பிறகே அது சரியில்லை என்று தெரிந்தது.

கிருமி. மாற்றுக் கிட்னி போய் டயாலிசிஸுக்குத் திரும்பும் முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. அதில் பெரிய பங்கு தொற்றுக்கு. எந்த வழியானாலும் உடம்பில் எத்தனை நாள் குழாய் தொங்கப்போகிறது, அதை யார் எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள் என்பதைக் கேளுங்கள்.

அடுத்த மாற்று. இரண்டாவது கிட்னிக்கு வாய்ப்பிருக்கிறதா, அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?

வீடும் வேலையும் பணமும். மையம் எத்தனை கிலோமீட்டர், வீட்டில் சுத்தமான ஒரு மூலை கிடைக்குமா, உதவிக்கு ஆள் உண்டா, வேலை என்ன ஆகும்? இவற்றைக் கடைசியில் யோசிப்பது நம் வழக்கம். ஆனால் இரண்டு வருஷம் கழித்து ஒருவர் சலித்துப்போய் டயாலிசிஸைத் தவறவிடுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

## மையத்துக்குப் போய்ச் செய்யும் ஹீமோ டயாலிசிஸ்

வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு 4 மணி நேரம். ரத்தம் வெளியே வந்து வடிகட்டி வழியாகச் சுத்தமாகித் திரும்பும். நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் அந்த வடிகட்டிக்குள் ஓடுகிறது. அந்தத் தண்ணீரின் தரமும் உங்கள் ஆரோக்கியமும் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. மையத்தைத் தேர்வு செய்யும்போது ஆர்.ஓ. தண்ணீரை எப்போது பரிசோதித்தார்கள் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

இதன் பெரிய பலம், பொறுப்பு வேறு கைகளில் இருப்பது. நர்ஸும் டெக்னீஷியனும் பார்த்துக்கொள்வார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்களோடு ஒரு உறவு உண்டாகும். நம் ஊரில் கிடைப்பதும் இதுதான் அதிகம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கட்டணமில்லாமல் செய்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செய்யலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

கட்டணமில்லை என்றால் செலவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வாரம் மூன்று நாள் ஆட்டோவோ பஸ்ஸோ, கூட வருபவரின் கூலி, ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்ட்டின் ஊசி, இரும்புச் சத்து, அவ்வப்போது ஹெபடைட்டிஸ் பரிசோதனைகள் எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். செய்து முடித்த அன்று மாலை வரை உடம்பு துவண்டு கிடக்கும். 4 மணி நேரம் என்று சொல்வது மெஷினின் கணக்குதான். போக வர, காத்திருக்க, ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடிக்க, வந்து படுக்க என்று ஒரு நாளே போய்விடும். திங்கள், புதன், வெள்ளி என்று போனால் வாரக் கடைசியில் வரும் இரண்டு நாள் இடைவெளியின் கடைசி நாள்தான் இதயத்துக்கு அதிகப் பாரம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குப் போய்த் தண்ணீரும் பழமும் அளவு மீறினால் திங்கள் காலையில் மூச்சு வாங்கும்.

இன்னொரு இழப்பு பலருக்குத் தெரிவதில்லை. மெஷின் குறைந்த நேரத்தில் நிறையத் தண்ணீரை இழுக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அப்படி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மிச்சமிருக்கும் கிட்னி அடி வாங்குகிறது. அக்காவுக்கு மெஷினில் ஐந்தே மாதத்தில் சிறுநீர் பாதியாகக் குறைந்தது. சிறுநீர் போகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லி, மெதுவாக இழுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இதைவிட முக்கியம், எதன் வழியாகச் செய்கிறார்கள் என்பது. நன்றாகத் தடித்த ஃபிஸ்டுலாவில் செய்யும் ஹீமோவும் கழுத்துக் குழாயில் செய்யும் ஹீமோவும் வேறு வேறு சிகிச்சை என்றே நான் சொல்வேன். எதிர்ப்புச் சக்தி மருந்து ஓடிக்கொண்டிருக்கும் உடம்பில் பெர்ம்காத் என்ற நீண்ட நாள் கழுத்துக் குழாய் மாதக்கணக்கில் கிடந்தால் கிருமி நேரே ரத்தத்துக்குள் போகும். அக்காவுக்கு இரண்டு தடவை குளிர் காய்ச்சல் வந்து படுக்கையில் விழுந்தாள். அதற்கு மேல் ஒரு கொடுமை. அந்தக் காய்ச்சலுக்கு அவசரமாக அட்மிட் ஆன இடத்தில், ஃபிஸ்டுலாவுக்கு என்று நாங்கள் காத்து வைத்திருந்த இடது கையிலேயே டிரிப் ஏற்றிவிட்டார்கள். அந்த ரத்தக் குழாய் கெட்டுப்போனது. "தம்பி, இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தக் கையைத் தொட விடாதே" என்று அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்குக் கூடப் புறங்கையில்தான் எடுக்கச் சொல்ல வேண்டும்.

யாருக்கு இது நல்லது? பழைய ஃபிஸ்டுலா உயிரோடு இருப்பவர்களுக்கு, சிறுநீர் ஏறக்குறைய நின்றுவிட்டவர்களுக்கு, தனியாக வாழ்பவர்களுக்கு, கண் பார்வையோ கை நடுக்கமோ பையை மாற்ற விடாதவர்களுக்கு, மையம் அரை மணி தூரத்துக்குள் இருப்பவர்களுக்கு.

வசதியும் இடமும் இருந்தால் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் கிடைக்குமா என்று கேளுங்கள். இதில் பெரிய மூலக்கூறுக் கழிவுகளும் கூடுதலாக வெளியேறும். ஐரோப்பாவில் 1,360 பேரிடம் நடந்து 2023-ல் வெளிவந்த கன்வின்ஸ் ஆய்வில், அதிக அளவில் இதைச் செய்துகொண்டவர்களிடம் இறப்பு 17.3 சதவீதம், வழக்கமான முறையில் 21.9 சதவீதம். நல்ல ரத்த ஓட்டம் தரும் ஃபிஸ்டுலா இருந்தால் அந்த அளவை எட்டுவது எளிது.

## வயிற்று வழி டயாலிசிஸ்

தொப்புளுக்கு அருகே மெல்லிய குழாய் ஒன்றை வைக்கிறார்கள். 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, 4 முதல் 6 மணி நேரம் வைத்திருந்து வடித்துவிட்டுப் புதிது விட வேண்டும். இதை நாளுக்கு மூன்று அல்லது நான்கு தடவை செய்வது சி.ஏ.பி.டி. ஒரு தடவைக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இரவு தூங்கும்போது 8 முதல் 10 மணி நேரம் ஒரு சின்ன மெஷின் தானே மாற்றிக்கொண்டிருப்பது ஏ.பி.டி. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி, ஆனால் செலவு அதிகம். குழாய் வைத்த பிறகு இரண்டு வாரம் புண் ஆற விடுவது வழக்கம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சில நாள் கூடுதலாகக் காத்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் ஓரத்தில் கசியும்.

என் சாய்வு இந்தப் பக்கம்தான் என்று சொல்லிவிடுகிறேன். மாற்றுக் கிட்னி ஓய்ந்து, சிறுநீர் இன்னும் போய்க்கொண்டிருக்கும் ஒருவருக்கு வீட்டுச் சூழல் ஒத்துவந்தால் முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும். தண்ணீர் நாள் முழுக்க மெதுவாக இறங்குவதால் மிச்சக் கிட்னி நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். கையில் உள்ள ரத்தக் குழாய்கள் பின்னாளைக்கு மிஞ்சும். கழுத்துக் குழாயே தேவைப்படாமல் போகலாம். ரத்தம் வெளியே போய் வராததால் ஹெபடைட்டிஸ் சி போன்றவை மையத்தில் தொற்றும் பயமும் இல்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு கொஞ்சம் தளரும். மெஷின் காலத்தில் வாழைப்பழத்தையும் இளநீரையும் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட அக்கா, சி.ஏ.பி.டி. காலத்தில் டாக்டரிடம் கேட்டு ஒரு தக்காளி ரசமாவது தைரியமாகச் சாப்பிட்டாள். மாற்றுக் கிட்னி போனவர்களில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் உயிர் வாழும் காலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இது இரண்டாந்தரச் சிகிச்சை என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

சரி, இதன் சுமை என்ன? முதலாவது பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்றுக்குள் கிருமி. வடியும் திரவம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தால், வயிறு வலித்தால், அந்த மணி நேரமே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலே இருக்கலாம். அதனால் காய்ச்சல் இல்லை என்று சும்மா இருந்துவிடக் கூடாது. பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்கைப் பையிலேயே கலந்து விட்டுச் சரிசெய்துவிடுவார்கள். சில கிருமிகளுக்குக் குழாயை எடுக்க வேண்டி வரும். அக்காவுக்கு மூன்று வருஷத்தில் ஒரு தடவை வந்தது. அவசரத்தில் மின்விசிறியை நிறுத்தாமல் பை மாற்றியதாக அவளே சொன்னாள். மாஸ்க், கை கழுவுதல், மூடிய ஜன்னல், நின்ற மின்விசிறி என்ற ஒழுங்கை ஒரு நாள் விடாமல் காக்க வேண்டும். அதில் வரும் சலிப்பை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. ஒரு நாளுக்கு மூன்று தடவை, விடுமுறையே இல்லாமல். பண்டிகை நாளிலும், துக்க வீட்டிலும்.

இரண்டாவது சர்க்கரை. திரவம் தண்ணீரை இழுப்பதே அதில் கரைந்த குளுக்கோஸால்தான். 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று பைகள் வரும். எண் கூடக் கூட உடம்புக்குள் ஏறும் சர்க்கரையும் கூடும். மாற்று அறுவைக்குப் பிறகு சர்க்கரை வந்தவர்களுக்கு இன்சுலின் அளவு ஏறலாம், இடுப்பும் பெருக்கலாம். அதே நேரத்தில் புரதம் தினமும் 5 முதல் 10 கிராம் வரை வெளியே போகிறது. ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம். அதாவது தினமும் ஏறக்குறைய ஒரு முட்டை அளவோ அதற்கு மேலோ வடிந்து போகிறது. சைவர்கள் பருப்பு, தயிர், பனீர் என்று திட்டமிட்டுச் சாப்பிடாவிட்டால் உடம்பு தேய்ந்துவிடும்.

மூன்றாவது இடமும் பணமும். நாளுக்கு மூன்று பை என்றால் மாதத்துக்கு 90. எடை 180 கிலோவுக்கு மேல். வெயில் படாத, எலி வராத இடம் வேண்டும். எங்கள் வீட்டில் பூஜை அறைக்கு எதிரே இருந்த அலமாரி முழுக்கப் பெட்டிகளாகிவிட்டது. பைகளைக் காசு கொடுத்து வாங்கினால் மாதச் செலவு கனமாகவே இருக்கும். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சி.ஏ.பி.டி. பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதும் சேர்ந்திருக்கிறது. மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டத்திலும் 2019 முதல் வயிற்று வழி முறைக்கு இடம் உண்டு. உங்கள் ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையின் நெஃப்ராலஜி பிரிவிலும் கேட்காமல் "கட்டுப்படியாகாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இது எல்லாருக்கும் எப்போதும் ஓடுவதில்லை. சில வருஷங்களில் சவ்வு பழுதாகித் தண்ணீர் இறங்காமல் போகலாம். அக்காவுக்கு மூன்றாவது வருஷம் அப்படித்தான் ஆனது. ஆனால் அந்த மூன்று வருஷத்தில் மேற்கையில் நிதானமாக ஒரு ஃபிஸ்டுலா போட்டுத் தயாராக வைத்திருந்தோம். இரண்டாம் தடவை அவள் மெஷினுக்குப் போனபோது கழுத்தில் குழாய் இல்லை.

## வீட்டிலேயே ஹீமோ

நம் ஊரில் செய்பவர்கள் மிகக் குறைவு. மெஷின், வீட்டுக்கு ஒரு ஆர்.ஓ. அமைப்பு, தடையில்லாத மின்சாரம், ஊசி போடப் பழகிய ஒரு ஆள் எல்லாம் வேண்டும். அடிக்கடி, நீண்ட நேரம் செய்துகொள்ள முடிவதால் உடம்புக்கு மிகவும் இதமானது. ஆனால் நல்ல ஃபிஸ்டுலாவும் நல்ல வருமானமும் சேர்ந்து இல்லாதவர்கள் இதில் அலைந்து நாளைக் கடத்த வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | மையத்தில் ஹீமோ | வயிற்று வழி | வீட்டில் ஹீமோ |
|---|---|---|---|
| நேரம் | வாரம் 3 நாள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய முழு நாள் | தினமும். பகலில் 3–4 தடவை அல்லது இரவு முழுக்க | நீங்களே வகுப்பது |
| உடம்பில் எதன் வழியாக | ஃபிஸ்டுலா. இல்லையென்றால் கழுத்துக் குழாய் | வயிற்றுக் குழாய் | ஃபிஸ்டுலா |
| மிச்சச் சிறுநீர் | சீக்கிரம் குறையும் | நீண்ட நாள் நிற்கும் | ஆளுக்கு ஆள் மாறும் |
| பெரிய ஆபத்து | குழாய் வழி ரத்தத் தொற்று, அழுத்தம் இறங்குதல் | பெரிட்டோனைட்டிஸ் | ஊசி, ரத்தக் கசிவு |
| சாப்பாடு | தண்ணீர், பொட்டாசியம் கறாராக | கொஞ்சம் தளர்வு. புரதம் கூட்ட வேண்டும் | தளர்வு |
| கண்ணில் படாத செலவு | பயணம், துணை ஆள், இழக்கும் கூலி | பை வைக்க இடம், புரத உணவு, சலிப்பு | தண்ணீர், மின்சாரம், பழுது |
| பயணம் போக | போகுமிடத்தில் மையம் பிடிக்க வேண்டும் | பைகளைக் கொண்டுபோக வேண்டும் | கடினம் |

## மருந்தை நிறுத்தலாமா, இரண்டாவது கிட்னி கிடைக்குமா

டயாலிசிஸ் தேர்வோடு இவை இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. கிட்னிதான் போய்விட்டதே, இந்த விலை கூடிய மாத்திரை எதற்கு என்று தானாக நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்ரோலிமஸைச் சட்டென்று நிறுத்தினால் உள்ளே இருக்கும் கிட்னியை உடம்பு தாக்கும். காய்ச்சல், அந்த இடத்தில் வலி, சிறுநீரில் ரத்தம் என்று வரும். சில சமயம் கிட்னியை எடுத்துவிடும் நிலை வரும். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் இறங்கி மயக்கமே வரலாம். பொதுவாக மைக்கோஃபெனோலேட் அல்லது அசதயோப்ரினை முதலில் நிறுத்துவார்கள். இரண்டாவது கிட்னி சீக்கிரம் கிடைக்கும் என்றால் டாக்ரோலிமஸைத் தொடர்வார்கள். மருந்து நின்றால் உடம்பு எதிர்ப்பொருள்களை உருவாக்கி, அடுத்த கிட்னி பொருந்துவது கடினமாகும் என்பதே காரணம். ரத்தம் ஏற்றுவதும் அப்படித்தான். அக்காவுக்கு இரண்டு பிரசவம், ஆஸ்பத்திரியில் நான்கு யூனிட் ரத்தம், அதோடு மருந்து நிறுத்தம் எல்லாம் சேர்ந்து எதிர்ப்பொருள் ஏறி, கொடுப்பவரோடு பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் பரிசோதனை ஒவ்வொரு தடவையும் தடுக்கிறது. அடுத்த மாற்றுக்கு ஆசைப்படுகிறவர்கள் ரத்தம் குறைந்தால் முதலில் எரித்ரோபாய்ட்டினையும் இரும்பையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏற்றியே ஆக வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். உயிருக்கு அவசரம் என்றால் அது வேறு.

இன்னொரு பக்கம், மருந்து தொடர்ந்தால் தொற்றும் தொடரும். வீட்டில் கிட்னி கொடுக்க ஆள் தயாராக இருந்தால் ஒரு முடிவு, மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்காக உறுப்பு தானத்துக்கான தமிழக அரசு அமைப்பான டிரான்ஸ்டானில் பதிந்து வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால் வேறு முடிவு.

ஈ.ஜி.எஃப்.ஆர். 20-க்குக் கீழே போனதுமே இரண்டாவது மாற்றுக்கான பரிசோதனைகளைத் தொடங்கிவிடலாம். கொடுப்பவர் தயாராக இருந்தால் டயாலிசிஸே இல்லாமல் நேராக இரண்டாவது அறுவைக்குப் போகவும் முடியும், முடிந்தவர்களுக்கு அதுதான் எல்லாவற்றிலும் நல்ல வழி. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி தவிர, 2011-ல் திருத்திய சட்டத்தின்படி தாத்தா, பாட்டி, பேரப் பிள்ளைகளும் நெருங்கிய உறவுதான். ரத்தப் பிரிவு பொருந்தாத இரண்டு குடும்பங்கள் கொடுப்பவர்களை மாற்றிக்கொள்ளவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. அறுவை ஆறு மாதத்துக்குள் உறுதி என்றால் வயிற்று வழியோ, ஃபிஸ்டுலா உயிரோடு இருந்தால் மெஷினோ, எது சிக்கலில்லாமல் உடனே கைக்கு எட்டுகிறதோ அது போதும்.

வயது மிக முதிர்ந்து, இதயமும் தளர்ந்தவர்களுக்கு டயாலிசிஸே வேண்டாம், மூச்சுத் திணறலும் வலியும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தீர்மானிப்பதும் ஒரு வழிதான். பிள்ளைகள் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரிடமே கேளுங்கள்.

## நாமக்கல் நண்பருக்கு

உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்து நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். இந்த வாரமே பழைய ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பாருங்கள், டாப்ளர் எடுங்கள். எழுதாத கையில் ஊசி வேண்டாம் என்று எல்லா இடத்திலும் சொல்லுங்கள். அடுத்த கிட்னி கொடுக்க முடியுமா என்று அறிய மனைவியின் ரத்தப் பிரிவைப் பாருங்கள். உங்கள் டாக்டரிடம், "எனக்கு முக்கால் லிட்டர் சிறுநீர் போகிறது, வயிற்று வழி எனக்கு ஏன் ஆகாது?" என்று அப்படியே கேளுங்கள். தெளிவான காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள், "இங்கே செய்வதில்லை" என்பது மட்டும் பதிலானால் செய்யும் இடத்தில் ஒருமுறை காட்டுங்கள். ஃபிஸ்டுலா உயிரோடு இருந்து, வீட்டில் பை மாற்ற இடமோ பொறுமையோ இல்லை என்று தோன்றினால் மெஷினுக்கே போங்கள், அதில் குறையொன்றும் இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்புறம் அம்மா. 24 மணி நேரச் சிறுநீரை அளக்கும்போது அந்தக் குடுவையை அவரிடம் காட்டுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் அவர் கொடுத்த கிட்னி இன்றைக்கும் பிரித்துத் தருவது. உங்களுக்கு எந்த டயாலிசிஸ் என்று முடிவு செய்யப்போவதும் அந்த அளவுதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.